நுரைநீரும் நிழற்படமும்



கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்கள் களனி கங்கையை அதன் முடிவில் மட்டுமே அறிவார்கள். முகத்துவாரத்திலே கடலோடு கலக்கும்போது அது அகன்று, கலங்கி, அசைகின்றதா இல்லையா என்று ஐயுறும்படி கிடக்கும். நானும் அதனை அவ்வாறே அறிந்திருந்தேன். அதே ஆறு, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலே, கித்துள்கலையில், பாறைகளில் மோதி வெண்ணுரையாய்ப் பாய்வதை முதன்முதல் கண்டபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அந்த நுரைநீரிற் செல்லும் சிறுபடகுகளை நிழற்படம் எடுப்பது பற்றியும், எடுத்த படங்களைப் பின்னர் செம்மை செய்வது பற்றியும் இன்று பேசப் புகுகின்றேன். பாடசாலை அதிபர் ஒருவருக்கு இது என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். என் மனைவியும் அவ்வாறே நினைக்கின்றாள்.

கயாக் என்பது ஒருவர் மட்டும் கால்நீட்டி அமர்ந்து செல்லும் மூடிய சிறுபடகு. இருமுனையிலும் தட்டையான ஒரே துடுப்பினால் அதனைச் செலுத்துவர். வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிற் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்து வேட்டைக்கென அமைத்துக்கொண்ட படகு அது. இன்று பிளாஸ்டிக்கினாற் செய்யப்படுகின்றது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிலே நுரைநீர்ப் படகோட்டம் முதன்முறை இடம்பெற்றது. பின்னர் 1992இல் பார்சலோனாவில் மீண்டும் சேர்க்கப்பட்டு, இன்றுவரை நீடிக்கின்றது. கித்துள்கலையிலே பெரும்பாலும் ஓடுவன பலர் சேர்ந்தமரும் இறப்பர் மிதவைகள். மிதவையிலிருந்து விழுந்தவரை மீட்பதற்காக அதனோடு கூடவே கயாக் ஒன்றும் செல்வதுண்டு. எனக்கு எப்பொழுதும் கண் போவது அந்தத் தனிப்படகின் மேலேதான்.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மஸ்கெலியா ஓயாவும் கெகல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கை உண்டாகின்றது. இவ்விரண்டையும் மேலே அணைகட்டி மறித்து மின்சாரம் எடுக்கின்றார்கள். எனவே கித்துள்கலையில் ஓடும் நீரின் அளவை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. பொல்பிட்டிய மின்நிலையத்தின் சுழலிகளும் தீர்மானிக்கின்றன. அண்மை ஆண்டுகளிலே 35 மெகாவாட் வலுவுள்ள புரோட்லண்ட்ஸ் மின்திட்டமும் அவ்விடத்தில் எழுந்தது. அது வருவதற்கு முன்னர், படகோட்டிப் பிழைக்கும் ஊர் இளைஞர்கள் தம் ஆறு வற்றிவிடுமோ என்று கலங்கியது நியாயமே. படம் எடுக்கச் செல்பவரும் வானத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டாற் போதாது. நீர் எப்பொழுது வரும் என்பதை அந்த இளைஞர்களிடமே முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெகல்கமு ஓயா தொடங்கும் பக்கத்திலே பொகவந்தலாவை இருக்கின்றது. அங்குள்ள சிறு தேவாலயத்தின் முற்றத்திலே ஜூலியா மார்கரட் கமரன் அம்மையார் துயில்கின்றார். நிழற்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராகிய அவர், 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். அவர் படம் எடுத்த காலத்தில் மனிதர்கள் நிமிடக் கணக்கில் அசையாது அமர்ந்திருக்க வேண்டும். அவர் உறங்கும் மலையிலிருந்து இறங்கும் நீரைத்தான் நாம் இன்று செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலே நிறுத்திவிட முயல்கின்றோம்.

இந்த ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வெறும் பெருமைக்கன்று. படகு ஒன்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்திற் செல்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கமராவின் மூடியை 60இல் ஒரு செக்கன் திறந்தால், அதற்குள் படகு 8 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். முகம் மாவுபோலக் கரைந்துவிடும். ஆயிரத்தில் ஒரு செக்கன் திறந்தால் நகர்வது 5 மில்லிமீற்றர் மாத்திரமே. துடுப்பிலிருந்து சிதறும் துளிகள் ஒவ்வொன்றும் மணிமணியாய்த் தனித்து நிற்கும். நீரைப் பாலாக ஒழுகவிட்டு எடுக்கும் முறையும் ஒன்றுண்டு; அருவிப் படங்களில் அதனைப் பலர் விரும்புகின்றனர். நுரைநீர்ப் படகுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. படகோட்டி போராடுவது நீரின் வடிவத்தோடு. அந்த வடிவத்தையே அழித்துவிட்டால் அவர் எதனோடு போராடுகின்றார் என்று பார்ப்பவர் எங்ஙனம் அறிவார்?

வேகத்தைவிடத் தொல்லை தருவது வெளிச்சம். கமராவிலுள்ள ஒளிமானி, தான் காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணிக் கணக்கிடும் இயல்புடையது. கித்துள்கலையில் இரு கரையும் அடர்ந்த மரங்கள், கரும்பாறைகள். படத்தின் பெரும்பகுதி இருளாக இருக்கக் கண்ட ஒளிமானி, அதனை வெளிறச் செய்ய முயன்று, ஒளியை அளவுக்கு மிஞ்சி உள்ளே விடும். அப்பொழுது நடுவிலுள்ள நுரை வெறுங் கடதாசி போலாகிவிடும். பிறகு கணினியில் எவ்வளவு முயன்றாலும் அந்த வெண்மைக்குள் எதுவும் கிடைக்காது. பதியாததை எங்கிருந்து எடுப்பது? ஆகையால் மானி சொல்லும் அளவிற் பாதியாகக் குறைத்து எடுப்பதே என் வழக்கம். நிழலில் மறைந்ததைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். நுரை முழுப்படத்தையும் நிறைக்கும்போது மட்டும் கணக்குத் தலைகீழாகும். அப்பொழுது கூட்டி எடுக்க வேண்டும். வெயில் எரிக்கும் நாளைவிட, மெல்லிய முகில் மூடிய நாளே இதற்கு உகந்தது.

படகைக் கமராவால் துரத்துவதும் வீண். தானியங்கிக் குவியம் தெறிக்கும் திவலையைப் படகென்று மயங்கி அதிலே நின்றுவிடும். படகு எந்தப் பாறையைத் தாண்டி வரும் என்பதை முன்னரே பார்த்து, அந்தப் பாறையிற் குவியத்தை நிறுத்திவைத்துக் காத்திருப்பவருக்கே படம் கிட்டும். கொக்கு செய்யும் வேலைதான்.

இனி, நான் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு. வெள்ளவத்தையிலே வசிக்கும் என் தமக்கையின் மகன், இருபத்திரண்டு வயது இளைஞன், இப்படகோட்டத்தைப் பழகத் தொடங்கியிருந்தான். ஒரு நாள் அவனைப் படம் எடுக்கவென்று ஆற்றின் வளைவொன்றிலே பாறைமேல் நின்றேன். வழிகாட்டி ஒருவர் கயிறு அடைத்த சிறு பையொன்றை என் காலடியில் வைத்து, “ஐயா, யாராவது நீரில் அடிபட்டு வந்தால் இதனை எறியுங்கள்” என்று சொல்லிச் சென்றார். நான் தலையசைத்தேன். என் கை கமராவைச் சரிசெய்துகொண்டிருந்தது.

அவனுடைய படகு பாறையைத் தாண்டியதும் பின்புறமாய் எழுந்து கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைத் துடுப்பாலும் இடுப்பாலும் உந்தி நிமிர்த்துவது இக்கலையின் முதற்பாடம். அவன் நிமிரவில்லை. படகிலிருந்து கழன்று, நீரோடு அடிபட்டு, நான் நின்ற பாறையின் பக்கமாகவே வந்தான். நான் விசையை அழுத்திக்கொண்டிருந்தேன். கீழே காத்திருந்த மீட்புப் படகுக்காரர் அவனைப் பற்றிக் கரைசேர்த்தார். முழங்காலிற் சிராய்ப்பைத் தவிர வேறு காயமில்லை. கயிற்றுப் பை வைத்த இடத்திலேயே இருந்தது.

மதியம் சோற்றுப் பொதியை அவிழ்த்தபடி அவன் கேட்டான்: “மாமா, படம் வந்ததா?”

அன்றிரவு வெள்ளவத்தையில் என் மேசையில் அமர்ந்து கணினியைத் திறந்தேன். இக்காலத்துக் கமரா ஒவ்வொரு படத்தோடும் நேரத்தையும் எழுதிவைக்கின்றது. 43 படங்கள், முதற்படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் 9 செக்கன். முப்பத்தெட்டாவது படம், நான் இதுவரை எடுத்தவற்றுள் மிகத் தெளிவானது. நுரையின் மடிப்புகள் கெடவில்லை. துளிகள் தனித்தனியே நின்றன. நீரிலிருந்து உயர்ந்த கை விரிந்திருந்தது. கண்கள் நேரே என்னைப் பார்ப்பனபோல் இருந்தன. பெருப்பித்துப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை. என் காலடியைப் பார்த்தன.

கித்துள்கலையிலேதான் ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்துக்காக மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சிலே அதனை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தத்தம் கமராவை இயக்கிவிட்டு ஒவ்வொரு படப்பிடிப்பாளரும் பதுங்கிடம் சேர்ந்ததும் விளக்கினால் அடையாளம் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல்நாள் ஓர் அடையாளம் வரவில்லை. ஓடிவரும் இரயிலைக் கண்டபின்னும், நெறியாளர் டேவிட் லீன் வெடிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார் என அப்படத்தின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். காட்சியை மறுநாள் எடுத்தார்கள். அந்தப் பாலம் நின்ற இடம் நான் நின்ற பாறையிலிருந்து அதிக தூரமில்லை.

படத்தைச் செம்மை செய்வது பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. அத்தொழிலை நான் கொட்டாஞ்சேனையில் என் சிற்றப்பாவின் இருட்டறையிலே பழகினேன். பிலிம் கழுவும் மருந்து 20 பாகை செல்சியசில் இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். கொழும்புக் குழாய்நீரோ 28 பாகைக்கு இறங்காது. வெப்பம் மிகுந்தால் பிலிமின் மேற்பூச்சு இளகிப்போகும். எனவே ஐஸ்கட்டி வாங்கிவருவது என் பொறுப்பு. ஐசைத் தட்டைச் சுற்றி அடுக்குவார், உள்ளே போடவிடமாட்டார், மருந்து நீர்த்துவிடும். வெண்மை மிகுந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுக்க, உள்ளங்கைகளைக் குவித்து இடுக்கு விட்டு, விளக்கொளியிலே மெல்ல அசைப்பார். கழுவிய நீரின் பெரும்பங்கு அம்பத்தலையிலே களனியிலிருந்து எடுக்கப்படுவது என்பது அக்காலத்தில் எனக்குத் தெரியாது.

அவர் கையால் செய்ததையே கணினியில் இன்று நாம் விரலால் செய்கின்றோம். படத்தை மாற்றுவது கணினி வந்தபின் பிறந்த குற்றம் என்போர், 1944இல் மறைந்த நம் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ற் இருட்டறையில் நிகழ்த்திய புதுமைகளைப் பார்க்க வேண்டும். எனினும் எனக்கென்று ஓர் எல்லை உண்டு. நுரையின் வெண்மையைத் தணிப்பேன். மரநிழலின் நீலச்சாயலை நீக்குவேன். படகின் முன்னே இடம்விட்டு ஓரங்களை வெட்டுவேன். படத்தைச் சரித்து ஆற்றை உள்ளதைவிடச் செங்குத்தாகக் காட்டமாட்டேன். மலையாற்றிலே மட்டக்கோடு எதுவும் தெரியாததால் அந்தப் பொய்யை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அதனாலேயே செய்யக்கூடாது.

முப்பத்தெட்டாவது படத்தில் அந்தக் கையை வெட்டி நீக்கினால் முகமும் நுரையும் மட்டும் எஞ்சும். அழகிய படமாகவும் இருக்கும். வெட்டியும் பார்த்தேன். பின்னர் அதனை அழித்துவிட்டு, 43 படங்களையும் எடுத்தபடியே மருமகனுக்கு அனுப்பினேன். அவன் சுவரில் மாட்டத் தேர்ந்தது ஐந்தாவதை. படகு கவிழ்வதற்கு முன்னுள்ளது. மற்றவை பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன்பின் அதே வழிகாட்டியிடம் கயிறு எறியும் முறையைக் கேட்டறிந்தேன். கயிற்றின் நுனியை ஒரு கையிற் பிடித்து, பையை மறுகையால் ஆளுக்கு அப்பால் வீச வேண்டும். கயிறு அவர் தோள்மேல் விழ வேண்டும். ஞாயிறு காலைகளில் வெள்ளவத்தைக் கடற்கரையிலே, மணலில் நட்ட ஒரு தடியைக் குறிவைத்துப் பழகுகின்றேன். சென்ற வாரம் பத்துக்கு ஆறு சரியாக விழுந்தது. கித்துள்கலைக்கு மீண்டும் செல்வது, அது எட்டான பிறகு.