ஒரே படகில் பன்னிருவர்
(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ராகலை மலையில் நின்றுகொண்டு படகுப் பந்தயம் பேசுகிறார்களே என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. நமக்குக் கடல் இல்லை. படகைப் பார்க்க நுவரெலியா கிரகரி வாவிக்குத்தான் போகவேண்டும். ஆயினும் நாம் பேசப்போவது நம் வீட்டு விஷயமே.

பெண்கள் துடுப்பெடுப்பது புதுமையன்று. 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கிலேயே அவர்கள் தனித்துக் கயாக் ஓட்டினார்கள். நால்வர் சேர்ந்தோட்டும் 500 மீற்றர் பந்தயம் 1984 இல் வந்தது. ஆசிய விளையாட்டு விழாவில் இதற்கு நெருங்கிய உறவான டிராகன் படகுப் பந்தயமும் உண்டு.

2018 ஆகஸ்ட் 26 ஆம் நாள், இந்தோனேசியாவின் பலெம்பாங் நகரில் அப்பந்தயம் நடந்தது. முன்னாளில் ஸ்ரீவிஜயம் என்று பெயர் பெற்று, 1025 இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போய்த் தாக்கிய ஊர் அதுவே. பெண்களுக்கான 500 மீற்றர் பந்தயத்தில் வட கொரியப் பெண்களும் தென் கொரியப் பெண்களும் ஒரே படகில் ஏறினார்கள். 1950 முதல் 1953 வரை ஒருவரையொருவர் கொன்று குவித்த நாடுகள் அவை. போர் நின்றதேயொழிய, சமாதான உடன்படிக்கை இன்றளவும் எழுதப்படவில்லை. வடக்கத்திப் பெண்கள் ஜூலைக் கடைசியில்தான் தெற்கே சுங்ஜுவுக்கு வந்து சேர்ந்தார்கள். சில வாரப் பயிற்சிதான்!

பத்துப் பேர் துடுப்பு வலிக்க, முன்னே ஒருத்தி முரசு கொட்ட, பின்னே ஒருத்தி படகைத் திருப்ப, 2 நிமிடம் 24.788 விநாடியில் எல்லையைத் தொட்டார்கள். சீனா ஒரு விநாடிக்கும் குறைந்த தூரத்தில் பின்தங்கியது. பல நாட்டு விளையாட்டு விழா எதிலும் ஒன்றுபட்ட கொரியா பெற்ற முதல் தங்கம் அதுதான். தேசிய கீதத்திற்குப் பதிலாக, இரு நாட்டாருக்கும் பொதுவான 'அரிராங்' என்ற நாட்டுப் பாடலே ஒலித்தது.

இந்தப் பந்தயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கொழுந்து நிரையில் கை வேகமுள்ளவள் முந்திக்கொள்ளலாம், கூடை நிறையும். படகிலோ ஒருத்தி தன் கெட்டித்தனத்தைக் காட்ட முந்தி வீசினால், துடுப்புகள் ஒன்றோடொன்று முட்டிப் படகே தளர்ந்து போகும். பின்னிருப்பவள் முன்னிருப்பவளின் வீச்சைப் பார்த்து, கூடவே வீசவேண்டும்.

அந்த வெற்றியால் கொரியா ஒன்றாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 2023 இல் ஹாங்சோ விழாவுக்கு இரு நாட்டாரும் தனித்தனியேதான் வந்தார்கள். உண்மையை மறைத்து என்ன பயன்?

இனி நம் கதைக்கு வருவோம். மேல் பிரிவுப் பையன்களும் கீழ்ப் பிரிவுப் பையன்களும் ஒரே கோஷ்டியில் ஆட மறுத்ததால் ஒரு வருஷம் நமது பந்தாட்டமே நின்றுபோனது, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பெண் பிள்ளைகளுக்கோ தேசிக்காயும் கரண்டியும் கொடுத்து ஓடவிட்டுக் கைதட்டினோம். காலை முதல் மாலை வரை மலையேறிக் கொழுந்தெடுத்துச் சுமக்கும் தாய்மாரின் மக்களுக்கு அவ்வளவுதானா பலம்?

எனவே சங்கத்தின் யோசனை இது. வாவியும் படகும் இப்போது நம் கைக்கு எட்டாதவை, கயிறு எட்டும். வரும் விளையாட்டு விழாவில் பெண்களுக்குக் கயிறிழுத்தல் வைக்கிறோம். ஒவ்வொரு கோஷ்டியிலும் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் சரிபாதி இருக்கவேண்டும். தாய் தகப்பன்மாரின் சம்மதத்தோடு இன்றே காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். கயிறு வாங்கியாகிவிட்டது, கோயில் மண்டபத்தில் இருக்கிறது.