ஔடத தானமும் அடைக்கலப் பொருளும்





சமண அறம் தானத்தை நான்காக வகுத்தது. ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்பன அவை. பசித்தவர்க்கு உணவளிப்பதோடு நோயுற்றவர்க்கு மருந்தளிப்பதையும் சேர்த்தெண்ணிய சமுதாயம் இது. ஏலாதி என்றும் சிறுபஞ்சமூலம் என்றும் மருந்தின் பெயரையே அறநூலுக்குச் சூட்டிய கணிமேதாவியாரும் காரியாசானும் சமணச் சான்றோர்களே. ஆகவே மருத்துவம் வாணிகமாகத் திரியும் இடத்தில் எந்த அறம் பிழைக்கிறது என ஆராய்வது இம்மன்றத்திற்கு உரிய கடமையாகும்.

பெருமுக்கலிலிருந்து முதியவர் ஒருவர் காலைப் பேருந்தில் திண்டிவனம் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லாண்டு நீரிழிவு, இப்போது பாதத்தில் எரிச்சல். மருத்துவர் பார்த்து இரண்டு மாத்திரைகளை எழுதித் தருகிறார். அவற்றை வெளியே மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். அத்துடன் ஒரு டப்பா சத்துப் பொடியும் ஒரு புட்டி சத்து மாத்திரையும் அந்த மருத்துவ அறையிலேயே எடுத்துத் தரப்படுகின்றன. அவற்றிற்கு இரசீது இல்லை. விலையோ இரண்டு மாத்திரைகளின் விலையைப் போலப் பல மடங்கு. முதியவர் மறுபேச்சுப் பேசவில்லை. மருத்துவர் தந்தது மருந்தாகத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். அடுத்த மாதம், முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் அவரைப் பெயர் சொல்லி அழைத்து, நீரிழிவுக்கு உகந்த பொடி வேண்டுமா என்று கேட்கிறார்.

இக்காட்சியில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்த டப்பாவின் இலாபம் யாரைச் சேர்ந்தது? முதியவரின் பெயரும் எண்ணும் நோயும் அந்நியரின் கைக்கு எப்படிச் சென்றன? ஒன்று பணத்தைப் பற்றியது, மற்றொன்று ஏட்டைப் பற்றியது. ஆயினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே. நம்பி ஒப்படைக்கப்பட்டதை விலைப்பொருளாக்குவதே அந்த வேர்.

முதலில் சத்துப்பொருள் என்பது யாது எனத் தெளிதல் நன்று. ஹெல்த் சப்ளிமெண்ட் என்று விற்கப்படும் பொருள் இந்தியச் சட்டத்தின் பார்வையில் உணவு, மருந்தன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்ற அறிவிப்பு அதன் உறையிலேயே இடம்பெற வேண்டும். மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை அதற்குப் பொருந்தாது. இன்றியமையா மருந்துக்கு அரசு உச்சவரம்பு விலை வகுக்கிறது. சத்துப் பொடிக்கு விற்பவர் வைத்ததே விலை. மருத்துவர் கையால் தரும்போது உணவு மருந்தின் மதிப்பைப் பெறுகிறது. விலையோ எவ்வரம்பிற்கும் உட்படுவதில்லை. இலாபத்திற்கு இடம் தருவது இந்த இடைவெளியே.

சத்துப்பொருள் எல்லாம் வீண் என்று கூறுதல் நேர்மையாகாது. புலால் மறுத்த குடும்பங்களில், பால் தயிரும் குறைவாகக் கொள்வோர்க்கு, பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு உண்டாகக் கூடும். அதனால் சோர்வும் கை கால் மரமரப்பும் வரும். குருதியைச் சோதித்துக் குறையைக் கண்டு அதனை ஈடுசெய்வது மருத்துவமே. எல்லார்க்கும் ஒரே டப்பாவை நீட்டுவது மருத்துவம் ஆகாது. ஏ, டி முதலிய உயிர்ச்சத்துகள் கொழுப்பில் கரைவன. மிகுந்தால் உடலில் தேங்கித் தீங்கு செய்வன. குருதி உறையாமைக்கு வார்ஃபரின் உண்பவர், கே உயிர்ச்சத்து அடங்கிய பொருளை அறியாது உட்கொண்டால் அம்மருந்தின் ஆற்றல் குறையும்.

சமணக் குடும்பங்களுக்கு இதில் மற்றொரு கவலையும் உண்டு. மாத்திரைக் கூடுகள் பல ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஒமேகா மாத்திரை பெரும்பாலும் மீன் எண்ணெய். மூட்டு வலிக்குத் தரும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து வருவது. சத்துப்பொருள் உணவாகக் கருதப்படுவதால், அதன் உறையில் சைவத்திற்குப் பச்சைக் குறியும் அசைவத்திற்குப் பழுப்புக் குறியும் இருத்தல் வேண்டும். அவ்வுறையைப் படித்துக் காட்டாமல் ஒரு விரதியின் கையில் அதனைத் தருவது, அவர் வாழ்நாளெல்லாம் காத்த கொல்லாமை விரதத்தை அவர் அறியாமலே குலைப்பதாகும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ஆம் ஆண்டில் ஒழுக்க விதிகளை வகுத்தது. 2023 ஆகஸ்டில் வெளியான புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டமையால் பழைய விதிகளே மீண்டும் நடைமுறையாயின. அவற்றின்படி, பிற மருத்துவர் எழுதிய மருந்தை விற்கும் கடையை மருத்துவர் நடத்தலாகாது. தம் நோயாளிக்குத் தாமே மருந்து தருவது குற்றமன்று. ஆனால் அதில் நோயாளியைச் சுரண்டுதல் கூடாது. மருந்துக்கடை இல்லாத சிற்றூர்களில் மருத்துவரே கலவையும் மாத்திரையும் கொடுத்து உயிர் காத்த காலம் உண்டு. விதி அந்த நன்மைக்கு இடம் விட்டு, சுரண்டலுக்கு மட்டும் வாயிலை அடைத்தது. அவ்விடத்தைச் சிலர் கடையாக்கிக் கொள்வதே இன்றைய சிக்கல்.

இச்சிக்கல் நீதிமன்றத்திலும் எதிரொலித்தது. அவ்வழக்கு தமிழ்நாட்டிலிருந்து சென்றதேயாகும். அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்னும் மருந்து நிறுவனம், ஜிங்கோவிட் என்ற சத்துப்பொருளைப் பற்றி மருத்துவர்களிடையே விழிப்புணர்வு உண்டாக்குவதற்கென விருந்தோம்பல், மாநாட்டுக் கட்டணம், தங்க நாணயம், தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, மடிக்கணினி முதலிய அன்பளிப்புகளுக்குச் செலவிட்டது. 2010-11 மதிப்பீட்டு ஆண்டில் அத்தொகை சுமார் 4 கோடியே 72 இலட்சம் ரூபாய். அதனைத் தொழிற் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு கோரியது. அத்தகைய அன்பளிப்புகளை மருத்துவர்கள் பெறலாகாது என 2009 டிசம்பரிலேயே ஒழுக்க விதி திருத்தப்பட்டிருந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதிபதிகள் யு. யு. லலித், எஸ். இரவீந்திர பட் ஆகியோர் 2022 பிப்ரவரி 22 அன்று அக்கோரிக்கையை மறுத்துத் தீர்ப்பளித்தனர். பெறுவது தடுக்கப்பட்டதென்றால் கொடுப்பதும் முறையாகாது என்பது தீர்ப்பின் சாரம். மருத்துவர் எழுதியதே இறுதிச் சொல் என நோயாளி நம்புகிறார் என்பதையும், அன்பளிப்பின் செலவு கடைசியில் மருந்தின் விலையாகி அவர் தலையிலேயே விழுகிறது என்பதையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. தங்க நாணயம் மருத்துவர் வீட்டிற்குச் செல்கிறது. அதற்கு விலை கொடுப்பவர் பேருந்தில் வந்த முதியவர்.

இதற்கு மாற்றான வழியைத் தொண்டை மண்டலம் முன்னரே கண்டிருந்தது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ஓர் ஆதுலர்சாலையைக் குறிக்கிறது. நோயாளர்க்கு 15 படுக்கைகள். மருத்துவர்க்கு ஆண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு என வரையறை. அறுவை செய்பவர்க்கும் மூலிகை கொணர்வோர்க்கும் பணிப்பெண்களுக்கும் தனித்தனி ஊதியம். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளுக்குத் தனிப் பட்டியல். மருத்துவரின் ஊதியம், மருந்து எவ்வளவு செலவாயிற்று என்பதைச் சார்ந்திருக்கவில்லை. கூடுதலாக ஒரு மருந்து தந்தால் அவர்க்கு ஒரு காசும் கூடாது. எனவே அவர் நோயை மட்டும் பார்க்க முடிந்தது. 1069-ஆம் ஆண்டளவில் கல்லில் பொறித்த இந்த ஏற்பாட்டினை இன்றைய மருத்துவ அறைகளும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி நோயாளியின் ஏடு.

பெருமுக்கல் மலையில் தொல்பழங்கால மக்கள் பாறையில் கீறிய உருவங்கள் உள்ளன. கோயிலில் கல்வெட்டுகள் உள்ளன. அவை எல்லாரும் காண எழுதப்பட்டவை. நோயாளியின் ஏடு அவ்வாறன்று. ஒரு பெண்ணின் கருச்சிதைவு, ஓர் இளைஞனின் மனநோய், ஒரு குடும்பத் தலைவரின் காசநோய் ஆகியவை தாய்க்கும் சொல்லாமல் மருத்துவர்க்குச் சொல்லப்படுவன. சிற்றூரில் ஒரு செய்தி கசிந்தால் வரன் தவறும், வேலை தவறும், உறவு முறியும். பின்னர் எந்தத் தீர்ப்பும் அதனை முன்னிருந்தபடி ஆக்காது.

2002 விதிகள் உள்நோயாளியின் ஏட்டை மூன்றாண்டு காக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரச் சொல்கின்றன. நோயாளியின் அந்தரங்கத்தை நீதிமன்ற ஆணை, குறிப்பிட்ட ஒருவர்க்கோ சமூகத்திற்கோ நேரும் கடும் இடர், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் ஆகிய காரணங்கள் இன்றி வெளியிடலாகாது என்கின்றன. 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று சென்னையில் தொடங்கியது. குருதிக்கொடைக்கு முன்வந்த ஒருவர்க்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்து, அச்செய்தி வெளிப்பட்டு, அவர் திருமணம் நின்றது. மணமகளின் உயிரைக் காக்கும் உரிமை பெரிது என நீதிமன்றம் அவர் வழக்கை ஏற்கவில்லை. ஆயினும் மறைபொருள் காப்பது மருத்துவர் கடமை என்பதையும், ஓர் உயிரைக் காப்பது போன்ற பெருங்காரணமே அதற்கு விலக்காகும் என்பதையும் அத்தீர்ப்பு உணர்த்தியது. சத்துப் பொடி விற்பது அத்தகைய காரணம் ஆகாது. 2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் எழுத்து வடிவ ஒப்புதலை வலியுறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தனர். 2023-இல் இயற்றப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வரும் தனிநபர் தரவுச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

ஏடு கணினிக்குச் சென்றபின் இடரும் பெருகியது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, பல நாள்கள் அனைத்தும் கைப்பட எழுதியே நடந்தன. எனினும் பெரும்பாலான கசிவுக்குக் கணினித் திருடர் தேவையில்லை. காத்திருப்போர் நடுவில் நோயின் பெயரை உரக்கக் கூறி அழைப்பது, மேசைமேல் பதிவேட்டைத் திறந்து வைப்பது, சோதனை முடிவைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இடுவது, பழைய ஏடுகளைக் காகிதக் கடைக்கு எடைக்குப் போடுவது ஆகியவை போதும்.

அன்பர்களே, இவ்வினா மருத்துவரோடு நிற்பதில்லை. ஆலய விழாவை ஒட்டி மருத்துவ முகாம் நடத்துவதும் ஔடத தானமே. அம்முகாமின் செலவை ஒரு சத்துப்பொருள் நிறுவனம் ஏற்க முன்வந்து, வந்தோரின் பெயர், தொலைபேசி எண், குருதி அழுத்தம், சர்க்கரை அளவு அடங்கிய பட்டியலைக் கேட்டால், அறக்கட்டளை என்ன செய்யும்? பட்டியலைத் தந்துவிட்டால் தானம் செய்தவர்களே தானம் பெற்றவர்களை விற்றவர்கள் ஆவார்கள். பந்தலும் நாற்காலியும் குறைந்தாலும் குறையட்டும். அப்பட்டியல் முகாம் மருத்துவரையும் நோயாளியையும் தவிர எவர் கைக்கும் செல்லலாகாது.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் வாய்மை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறது. பொய்யாக நெறி காட்டல், மறைவில் உள்ளதை வெளிப்படுத்தல், பொய் ஆவணம் எழுதல், அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல், குறிப்பால் உணர்ந்த அந்தரங்கத்தை வெளியிடல் என்பன அவை. இவை இல்லறத்தார்க்கு வகுத்த நெறிகள். இன்று ஒரு மருத்துவ அறையின் வாயிலில் எழுதி வைத்தாலும் இவற்றில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. தேவையற்ற டப்பாவைத் தருவது பொய்யாக நெறி காட்டல். ஏட்டை விற்பது அடைக்கலம் கவர்தல். இரண்டும் பொருள் பற்றிய குற்றம் போலத் தோன்றினும், ஆன்றோர் அவற்றை வாய்மையின் வழுக்களாகவே எண்ணினர்.

பெரியோர்களே, மருத்துவரிடம் பணிவோடு கேட்க வேண்டியவை சில உள. இது மருந்தா, உணவா? எந்தக் குறையைக் கண்டு இதனைத் தருகிறீர்கள்? இதில் உயிர்ப்பொருள் கலந்துள்ளதா? வெளியே வாங்கலாமா? இரசீது தருவீர்களா? நேர்மையான மருத்துவர் இவற்றைக் கேட்டு மகிழ்வார். அத்தகையோர் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இன்றும் உள்ளனர். நேர்மை தவறியவர் மீது முறையிடத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் உள்ளது. மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகள் ஒன்றை நெஞ்சில் நிறுத்த வேண்டும். பேருந்தில் வந்த முதியவர் தம் உடலையும் இரகசியத்தையும் கையில் தந்துவிட்டுப் போகிறார். இரண்டையும் குறையாமல் திருப்பித் தருவதே ஔடத தானம்.