கல் விகாரையில் குறிகளை வாசித்தல்



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவு பற்றித்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பீர்கள். இன்று நாம் பொலன்னறுவைக்குப் போவோம்.

முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) காலத்தில், கல் விகாரையின் ஒரே பாறையில் நான்கு உருவங்கள் செதுக்கப்பட்டன. இரண்டு இருந்த கோலம். ஒன்று நின்ற கோலம், ஏறக்குறைய 7 மீற்றர். மற்றது கிடந்த கோலம், ஏறக்குறைய 14 மீற்றர்.

கிடப்பவரைக் கண்டதும் உறங்குகிறார் என்போம். தலையின் பாரத்தில் தலையணைகூட அமிழ்ந்திருக்கிறது. ஆனால் பாதங்களைப் பாருங்கள். மேலிருக்கும் இடது பாதம் சற்றே பின்வாங்கியிருக்கிறது. அது பரிநிர்வாணத்தின் குறி.

நிற்பவரின் கைகள் மார்பின் குறுக்கே மடிந்துள்ளன. முகத்தில் துயரச் சாயல். அருகே புத்தர் கிடப்பதால், இவர் அழுது நிற்கும் சீடர் ஆனந்தர் என்று பலர் கருதினர். பின்னர் உருவங்களுக்கிடையே சுவர்கள் இருந்த தடயங்கள் தெரியவந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி மனையில் இருந்திருக்கிறது. நிற்பவரும் புத்தரே என்ற கருத்து வலுப்பெற்றது. அந்தக் கைநிலையைப் பரதுக்க துக்கித முத்திரை என்பர்: பிறர் துயருக்காகத் துயருறுதல்.

வைத்தியசாலையில் நாமும் நாளாந்தம் குறிகளைத்தான் வாசிக்கிறோம். பக்கத்துக் கட்டிலின் நோயைக் கொண்டு இந்தக் கட்டிலின் நோயைத் தீர்மானிக்க முடியாது. விரலளவு மாற்றம் முழு முடிவையும் மாற்றிவிடும். நின்று நிதானித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் இந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் நமக்கு வந்தது.

கைகட்டி நிற்பதைப் பணிவு என்றே இங்கு கற்றோம். அந்தக் கைகளில் இன்னொரு பொருளும் உண்டு என்பதை அந்தக் கல் சொல்கிறது. இந்த நாட்டில் நாம் நீண்டகாலம் அவரவர் இழப்பை அவரவர் சுவருக்குள் வைத்து அழுதிருக்கிறோம். நமது துயரை மற்றவரும், மற்றவர் துயரை நாமும் அறியாமலே இருந்திருக்கிறோம். நோயாளி எந்த மொழியில் முனகினாலும் வலி ஒன்றுதான் என்பதை வைத்தியசாலை விடுதிகளில் நாம் தினமும் காண்கிறோம். வெளியிலும் அப்படிக் காணப் பழக வேண்டும்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளையும் பொலன்னறுவைக்கு அழைத்துச் செல்லுங்கள். படம் எடுக்குமுன் அந்தப் பாதங்களையும் கைகளையும் காட்டிக் கொடுங்கள்.