உராய்வா, உள்குத்தகையா?

(பட்டாசுத் தொழிலாளர் பாதுகாப்புக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் ஜனங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பக்கம்?" தன் வீட்டிலிருந்து வேலைக்குப் போனவள் எந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். புகை எழும் திசையைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறோம். மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் அதே வாசகம்: "மருந்து செலுத்தும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது."

இந்த உராய்வு என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். இத்தனை உயிர்களைக் கொன்ற பழியை இந்த ஒரு சொல் தன்மேல் ஏற்றுக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் யார் யாரோ சௌகரியமாக ஒளிந்து கொள்கிறார்கள்.

உராய்வு விதியல்ல

உராய்வு பொய்யென்று நாம் சொல்லவில்லை. நம் கையில் இருப்பது வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் அலுமினியப் பொடியும். இவற்றைக் கலந்தால் ஒரு பொறி போதும். அழுத்திக் குத்தினால் வெடிக்கும். கல் துணுக்கோ இரும்புத் துருவோ கலந்தால் வெடிக்கும். பாலியெஸ்டர் சேலை உடுத்தி உட்கார்ந்து எழுந்தால், உடம்பில் சேரும் நிலைமின்சாரமே பொறியாகும். கலந்த மருந்தை மிச்சம் வைத்து, அதில் ஈரம் பட்டுவிட்டால், அலுமினியப் பொடி வினைபுரிந்து தானே சூடேறும். காலையில் பெட்டியைத் திறக்கிறவரின் கதி என்ன?

ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் மாற்று உண்டு. இரும்புக் கருவி கூடாது. மரமும் பித்தளையும் போதும். மருந்தைச் சலித்த பிறகே கலக்க வேண்டும். அறை வாசலில் தரையோடு இணைத்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைந்தால் உடம்பிலுள்ள மின்சாரம் தரைக்குப் போய்விடும். பருத்தி உடை வேண்டும். கீழே ரப்பர் விரிப்பு வேண்டும். அன்றைக்கு வேண்டிய மருந்தை மட்டும், வெயில் ஏறுமுன் கலக்க வேண்டும். அலுமினியம் சூடேறாமலிருக்கப் போரிக் அமிலம் சேர்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் பொட்டாசியம் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலந்தார்கள். லேசாகத் தேய்த்தாலே வெடிக்கும் கலவை அது. 1992இல் மத்திய சர்க்கார் அதைத் தடை செய்தது. இது எதைக் காட்டுகிறது? உராய்வு தலையெழுத்து அல்ல. மனிதன் அறிந்து விலக்கக்கூடிய காரியம் என்பதைக் காட்டுகிறது. அப்படியானால், விலக்கக்கூடியது ஏன் விலக்கப்படவில்லை?

நாலு பேர் அறையில் எட்டுப் பேர்

மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நாலு என்ற எண் வேடிக்கைக்கு எழுதியதல்ல. ஓர் அறை வெடித்தால் அந்த அறையோடு போகட்டும் என்று கணக்குப் போட்டு வைத்த எண் அது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி, வெளியே ஓட எதிரெதிரே வாசல், அறையில் இருக்க வேண்டிய மருந்தின் எடை எல்லாமே அதே கணக்கு.

சீசன் வந்தால் என்ன நடக்கிறது? ஓர் ஆலையில் ஒரு தாய் கணக்குப்பிள்ளையைக் கேட்டார்: "அண்ணாச்சி, நாலு பேர்னு எழுதிப் போட்டிருக்கு. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கோமே?" வந்த பதில்: "ஆர்டர் நிக்குது மதினி. எழுதினது அதிகாரி பார்க்க. நீங்க வேலையப் பாருங்க."

இதுதான் விஷயம், தோழர்களே! விதி அதிகாரி பார்க்க. வேலை ஆர்டர் முடிக்க. அறையில் இடம் போதாவிட்டால் மரத்தடியில் உட்கார வைக்கிறார்கள். காயப் போட்ட வெடிகள் நடைபாதையில் கிடக்கின்றன. ஓர் அறையில் பற்றிய தீ மரத்தடி வழியாக அடுத்த அறைக்கு நடந்து போகிறது.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். வேகமாகக் குத்துகிறவர் யார்? நாம்தான். மீந்த மருந்தை நாளைக்கென்று மூடி வைக்கிறவர் யார்? சில சமயம் நாம்தான். இதைச் சுட்டிக்காட்டி, "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் எதற்காக வேகமாகக் குத்துகிறோம்? உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. தீபாவளி முடிந்து வாங்கிய முன்பணம் தலைமேல் நிற்கிறது. மழை நாளில் வேலை இல்லை. ஆலை பூட்டிய மாதத்தில் கூலி இல்லை. வேலை கிடைக்கும் நாளில் இரண்டு நாள் கூலியைச் சேர்த்து எடுக்க நம் கை பறக்கிறது. அந்தக் கையை விரட்டுவது பசி. கவனக்குறைவு என்று எழுதுகிறவர்கள் அந்தப் பசியையும் சேர்த்து எழுதட்டும்!

லைசென்ஸ் ஒருவர் கையில், ஆலை நாலு பேர் கையில்

இனி நோயின் வேருக்கு வருவோம். பட்டாசு ஆலைக்கு உரிமம் மூன்று இடத்தில் கிடைக்கிறது. 15 கிலோ மருந்துவரை மாவட்ட நிர்வாகம். அதற்கு மேல் மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகம், பெரிய ஆலைகளுக்கு நாக்பூர் தலைமை அலுவலகம். யார் பெயரில் உரிமமோ அவரே நடத்த வேண்டும். குத்தகைக்கு விடக் கூடாது.

நடைமுறை என்ன? உரிமம் பெற்றவர் அறைகளைப் பிரித்துப் பிரித்து உள்குத்தகைக்கு விடுகிறார். பத்து அறை ஒருவருக்கு, இன்னும் பத்து அறை வேறொருவருக்கு. குத்தகை எடுத்தவருக்கு ஆலை சொந்தமில்லை, தொழிலாளியும் சொந்தமில்லை. கொடுத்த குத்தகைப் பணத்தைச் சீசன் முடியுமுன் எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். சாதாரண வெடிக்கு அனுமதி வாங்கிய அறையில் பேன்சி ரகம் போடுகிறார்கள். மணி மருந்து தயாரிக்கிறார்கள். ஒருவருடைய அறையில் எவ்வளவு மருந்து இருக்கிறதென்று பக்கத்து அறைக்காரருக்குத் தெரியாது. வெடித்த பிறகு முதலாளி யார் என்று தேடினால், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. ஆய்வு நடந்து உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட ஆலையில் வேலை நடந்துகொண்டிருந்ததாக அப்போதே செய்திகள் வெளிவந்தன. முதல் வெடி கேட்டுக் காப்பாற்ற ஓடிய சுற்றுப்புறத்து ஜனங்கள் அடுத்த வெடிக்கு இரையானார்கள். மாண்டவர் 40 பேர் வரை. மாண்டவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளிகளே அல்ல.

2021 பிப்ரவரி 12. சாத்தூரை அடுத்த அச்சங்குளம். 20 பேருக்கு மேல் மாண்டனர். அங்கும் உள்குத்தகைதான் பேசப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு விசாரித்தது. அதற்குப் பிறகு ஓய்ந்ததா? 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையத்தில் பத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள். 2024 மே 9இல் செங்கமலப்பட்டியில் குறைந்தது 8 பேர். 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டியில் குறைந்தது 8 பேர். ஊர் மாறுகிறது, தேதி மாறுகிறது. பத்திரிகை வாசகம் மட்டும் மாறவில்லை.

எண்ணெய்த் தளத்திலும் இதே கதை

இது நம் கரிசல் காட்டுக் கதை மட்டும்தானா? எரியும் பொருளோடு வேலை செய்கிறவர்கள் உலகெங்கும் இதையே சந்தித்திருக்கிறார்கள். பிரிட்டனுக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய், எரிவாயுத் தளம் இருந்தது. நம்மிடம் இல்லாத இயந்திரமெல்லாம் அங்கே உண்டு. 1988 ஜூலை 6 இரவு அது வெடித்தது. 167 பேர் மாண்டனர்.

காரணம் என்ன? பழுது பார்ப்பதற்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தகவல் அடுத்த ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இரவில் அந்தப் பம்பை ஓட்டினார்கள், வாயு கசிந்தது, வெடித்தது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பக்கத்துத் தளங்கள் பைப்பர் ஆல்பா எரிவதைக் கண்ட பிறகும் எண்ணெயையும் வாயுவையும் குழாய்களில் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தன. உற்பத்தியை உடனே நிறுத்தும் துணிவு அங்கிருந்தவர்களுக்கு வரவில்லை. எரிகிற வீட்டுக்கு எண்ணெய் போய்க்கொண்டிருந்தது!

எண்ணெய்க் கம்பெனி பெரிது. நம் ஆலை சிறிது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: ஆபத்தைக் கண்ணால் காண்கிறவனுக்கு வேலையை நிறுத்த அதிகாரம் உண்டா? அந்த விபத்துக்குப் பின் 1989இல் பிரிட்டனில் ஒரு சட்டவிதி வந்தது. கடல் தளத் தொழிலாளர்கள் தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றது அந்த விதி. 167 உயிர்களைக் கொடுத்த பிறகு வந்த உரிமை அது. நாம் எத்தனை உயிர்களைக் கொடுத்துவிட்டோம்!

சட்டம் நமக்குத் தருவது என்ன?

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயத் தொழிலில் தொழிலாளரும் சரிபாதி இடம்பெறும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றார்கள். உயிருக்கு ஆபத்து நெருங்குவதாகத் தொழிலாளி கருதினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. ஆபத்தைத் தெரிவிக்கும் உரிமை அதிலும் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள்: சட்டம் தருவது தெரிவிக்கும் உரிமை. தெரிவித்துவிட்டு அதே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? எழுந்து வெளியே வந்தால் அன்றைய கூலி உண்டா? மறுநாள் வேலை உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதவரை, அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

நஷ்டஈடு விஷயத்திலும் சட்டம் நம் பக்கம் பேசியிருக்கிறது. கண்டிராக்டர் மூலம் வேலை வாங்கினாலும் மூல முதலாளி நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்பது 1923ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே வரும் நியதி. அபாயமான தொழில் நடத்துகிறவர், "நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1986இல் தீர்ப்பளித்தது. சிவகாசியில் குழந்தைகள் வேலை செய்வது பற்றிய வழக்கில், 1990இல், ஒவ்வொரு தொழிலாளியையும் 50,000 ரூபாய்க்கு இன்ஷூர் செய்ய வேண்டும் என்றது. அன்று தொடுத்த போராட்டத்தால் இன்று ஆலை வாசல்களில் பிள்ளைகள் கூட்டம் இல்லை. ஆகவே, எதுவும் மாறாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மாறியதை நாம் பார்த்திருக்கிறோம்.

தொழில் வேண்டும், உயிரும் வேண்டும்

சிலர் கேட்கிறார்கள்: இத்தனை ஆபத்து இருந்தால் ஆலைகளை மூடிவிடலாமே? மூடிவிட்டு எங்கே போவது? இது வானம் பார்த்த பூமி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது இங்கே மழையும் இல்லை, வேலையும் இல்லை. அதிலிருந்து வளர்ந்த தொழிலில்தான் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசு ஆலைகள் நிற்கின்றன. 2018இல் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. காற்று மாசைக் குறைப்பது நியாயம்தான். ஆனால் மாற்று வேலைக்கும் மாற்றுப் பயிற்சிக்கும் வழி செய்யாமல் ஆலைக்குப் பூட்டுப் போட்டால், மருந்து எங்கே போகிறது? வீட்டுக்குள் போகிறது, தகரக் கொட்டகைக்குள் போகிறது. அங்கே நாலு பேர் விதியும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. பிள்ளை தூங்கும் இடத்தில் மருந்து காய்கிறது!

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவது, உள்குத்தகையை ஒழிக்க வேண்டும். குத்தகை எடுத்தவரைப் பிடித்துவிட்டு உரிமம் பெற்றவரை விட்டுவிடும் வழக்கம் நிற்க வேண்டும்.

இரண்டாவது, மருந்து அறை வேலைக்கு உருப்படிக் கூலி கூடாது. நாள் கூலி வேண்டும். மருந்தை வேகப்படுத்தும் கூலி உயிரை எடுக்கும் கூலி.

மூன்றாவது, ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புக் குழு வேண்டும். மருந்து அறையில் அதிகம் உட்காருவது பெண்கள். குழுவிலும் அவர்கள் உட்கார வேண்டும்.

நான்காவது, ஆபத்தைக் கண்டால் எழுந்து வெளியே வரும் உரிமை வேண்டும். அன்றைய கூலி பிடிக்கக் கூடாது. மறுநாள் வேலையை மறுக்கக் கூடாது.

ஐந்தாவது, போர்மேனுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது. மருந்தைத் தொடும் ஒவ்வொரு கைக்கும் கூலியோடு பயிற்சி வேண்டும். பருத்தி உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும்.

இவை சர்க்காரும் முதலாளியும் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நாளைக் காலை அறைக்குள் நுழையும்போது தலைகளை எண்ணுங்கள். நாலுக்கு மேல் இருந்தால் உட்காராதீர்கள். ஒருத்தி மட்டும் எழுந்தால் அவளை நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து எழுந்தால், யாரை வர வேண்டாம் என்பார்கள்? ஆர்டர் அவர்களுக்கு நிற்கிறது அல்லவா!

தோழர்களே! அடுத்த முறை பத்திரிகையில் "உராய்வு" என்று வந்தால், ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் நாம் திருப்பிக் கேட்போம்: அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? உரிமம் யார் பெயரில்? ஆலையை நடத்தியது யார்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் வரும்வரை, உராய்வு என்ற சொல்லை நாம் காரணமாக ஏற்கப் போவதில்லை.