இலண்டன் மாநகரில் எரிந்த வீடுகள்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே மரபு. ஆயினும் இவ்வாண்டு வரலாற்றில் ஒரு வார நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டோம். 1780ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இலண்டன் மாநகரில் கத்தோலிக்கருக்கு எதிராக மூண்ட பெருங்கலகமே அது. தூர தேசத்துப் பழங்கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். பிழைப்பைத் தேடிப் பிறர் ஊரில் வந்து குடியிருப்போர் யாவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அதில் உள்ளது.

அக்காலத்து இங்கிலாந்தில் அரசாங்க மதம் புராட்டஸ்டண்டு மதம். கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அவர்களுக்கு எதிராகக் கொடிய சட்டங்கள் இருந்தன. கத்தோலிக்கக் குருமாரையும், பள்ளி நடத்தும் கத்தோலிக்க ஆசிரியரையும் ஆயுள் முழுதும் சிறையிடலாம். கத்தோலிக்கர் நிலம் வாங்கலாகாது. தந்தை சொத்து மகனுக்குச் சேராமல், புராட்டஸ்டண்டு உறவினர் அதைக் கைப்பற்றிக்கொள்ளவும் இடமிருந்தது. 1778ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் சாவில் என்னும் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் இவற்றை நீக்கியது. அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தோர்க்கு மட்டுமே அச்சலுகை. வாக்குரிமை தரப்படவில்லை, பதவி தரப்படவில்லை, வெளிப்படையாகக் கோயில் கட்டி வழிபடும் உரிமைகூடத் தரப்படவில்லை. அச்சலுகைக்கும் ஒரு காரணம் இருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களோடு போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டே பிரான்சும் பகையாயிற்று. படைக்கு ஆள் தேவைப்பட்டது.

இத்துணைச் சிறிய சலுகைதான் அத்துணைப் பெரிய நெருப்புக்கு வித்தாயிற்று. "கத்தோலிக்கர் வலுப்பெறுகிறார்கள், நாட்டை அந்நியரிடம் ஒப்படைக்கப் போகிறார்கள்" என்னும் வதந்தி எங்கும் பரவியது. 1779இல் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் கலகம் நடந்தது. அவ்வாண்டின் இறுதியில், இலண்டனில் இயங்கிய புராட்டஸ்டண்டு சங்கத்திற்கு ஜார்ஜ் கார்டன் பிரபு தலைவரானார். வயதோ 27. பாராளுமன்ற உறுப்பினர், பேச்சில் வல்லவர். சட்டத்தை நீக்குக என்னும் விண்ணப்பத்தில் நாற்பதாயிரத்திற்கு மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. கையெழுத்திட்டோருள் அச்சட்டத்தைப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்!

ஜூன் 2, வெள்ளிக்கிழமை. கடும் வெயில். செயிண்ட் ஜார்ஜ் மைதானத்தில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் மக்கள் தொப்பியில் நீல நாடா அணிந்து கூடினர். விண்ணப்பத்தைச் சுமந்து பாராளுமன்றம் நோக்கி நடந்தனர். வந்த பிரபுக்களின் வண்டிகள் தாக்கப்பட்டன. உள்ளே விவாதம் நடக்க, கார்டன் அடிக்கடி வெளியே வந்து, தமக்கு எதிராகப் பேசியவர் இன்னார் என்று கூட்டத்திற்கு அறிவித்தார். விண்ணப்பத்தை உடனே ஆராய மன்றம் மறுத்தது. அன்றிரவே சார்டினியா நாட்டுத் தூதரகத்தின் கோயிலும் பவேரியா நாட்டுத் தூதரகத்தின் கோயிலும் சூறையாடப்பட்டன.

அடுத்து, மூர்பீல்ட்ஸ் என்னும் பகுதி. அயர்லாந்திலிருந்து வேலை தேடி வந்த ஏழைக் கத்தோலிக்கர் பலர் அங்கே குடியிருந்தனர், நெசவாளர் மிகுதி. உள்ளூரார்க்கு அவர்கள்மீது மதக் காழ்ப்போடு கூலிக் காழ்ப்பும் இருந்தது. மாலோ என்னும் பட்டு உற்பத்தியாளர் முன்னதாகவே அபாயத்தை உணர்ந்து, நகர மேயர் கென்னட்டிடம் சென்று பாதுகாப்புக் கேட்டார். கும்பல் தம் வீட்டை நோக்கித் திரும்பிவிடுமோ என்று அஞ்சிய மேயர் காலம் கடத்தினார். மாலோவின் வீடு சூறையாயிற்று. கடமை தவறினார் என்று பின்னர் வழக்குமன்றம் அம்மேயரைக் குற்றவாளியாகக் கண்டது. ஆயினும் போன வீடு போனதுதானே!

மதத்தின் பெயரால் மூட்டிய தீ, மதம் பார்த்து எரிந்ததா? இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்த சாவில் புராட்டஸ்டண்டு; அவர் வீடும் தாக்கப்பட்டது. தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபுவும் புராட்டஸ்டண்டே. ஜூன் 6ஆம் நாள் அவர் வீட்டையும், அரிய நூல்களும் கையெழுத்துப் படிகளும் நிறைந்த நூலகத்தையும் கொளுத்தினர். அன்றே நியூகேட் சிறையை எரித்து, நூற்றுக்கு மேற்பட்ட கைதிகளை வெளியே விட்டனர். மறுநாள் வேறு சிறைகளும் எரிந்தன. பிளாக்பிரையர்ஸ் பாலத்துச் சுங்கச் சாவடிகள் எரிந்தன. இங்கிலாந்து வங்கியே தாக்கப்பட்டது. ஹோல்பர்ன் பகுதியில் லாங்டேல் என்னும் கத்தோலிக்கரின் சாராய வடிசாலைக்குத் தீ வைத்தபோது, வழிந்தோடிய சாராயத்தைக் குடித்தவர்களே அத்தீயில் மாண்டனர்.

இத்தனைக்கும் இடையே படைவீரர் பலர் வாளாவிருந்தனர். கலகச் சட்டத்தின் அறிவிப்பை நீதிபதி ஒருவர் படிக்காமல் சுடுதல் ஆகாது என்பது அன்றைய எண்ணம். படிக்கவேண்டிய நீதிபதிகளோ அஞ்சி ஒளிந்தனர். 7ஆம் நாள் அரசர் ஆலோசனைச் சபையைக் கூட்டி, நீதிபதி இன்றியும் படை இயங்கலாம் என்று முடிவு செய்தார். பிறகு அமைதி வந்தது, ஆனால் எவ்விலையில்? படையினரால் மாண்டோர் 285 பேர் என்றது அரசுக் கணக்கு. ஏறத்தாழ 450 பேர் கைதாயினர். 25 பேர் தூக்கிலிடப்பட்டனர். மாண்டவர்களிலும் தூக்கிலிடப்பட்டவர்களிலும் ஏழைத் தொழிலாளரும் இளைஞரும் மிகுதி.

தலைவர் என்ன ஆனார்? 1781 பிப்ரவரியில் அவர்மீது இராஜத் துரோக வழக்கு நடந்தது. விசாரித்தவர், வீடும் நூலகமும் இழந்த அதே மான்ஸ்பீல்டு பிரபு. கார்டன் விடுதலையானார். பின்னாளில் அவரே யூத மதத்தைத் தழுவி ஒரு சிறுபான்மையினராக ஆனார். வேறொரு வழக்கில் தண்டனை பெற்று, தம் ஆட்கள் எரித்து மீண்டும் கட்டப்பட்ட அதே நியூகேட் சிறையில் 1793இல் காய்ச்சலால் மாண்டார். அவர் எதிர்த்த சட்டம் நீக்கப்படவில்லை. 1791இல் கத்தோலிக்கர்க்கு வழிபாட்டுரிமையும், 1829இல் பாராளுமன்றத்தில் அமரும் உரிமையும் கிடைத்தன. இத்தனை உயிர்கள் எதற்காகப் போயின?

நிற்க. அந்நாட்களில் இலண்டன் மக்கள் தம் வீட்டுக் கதவுகளில் 'போப்பு மதம் வேண்டாம்' என்று சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தனர். காழ்ப்பால் எழுதியோர் சிலர். தம் வீடு தப்பவேண்டுமே என்று அஞ்சி எழுதியோர் பலர். அவர்களைக் குறை கூறுதல் எளிது. பிள்ளை குட்டிகளோடு வீட்டினுள் இருந்தோர் வேறென் செய்வர்? ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். தெருவில் பத்துக் கதவுகளில் எழுத்து ஏறினால், எழுத்தில்லாத பதினோராவது கதவு எது என்பது கும்பலுக்குத் தானே விளங்கிவிடும். அஞ்சி எழுதியவரும் தம்மை அறியாமல் அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுத்தவரே ஆகின்றனர்.

நம் குடியிருப்புக் கதவுகளை நினையுங்கள். ஒரு கதவில் மாவிலைத் தோரணம், அடுத்ததில் சிலுவை, அதற்கடுத்ததில் பிறை. மூன்று வீட்டினுள்ளும் பேசும் மொழி தமிழே. மாடிப்படி ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று. இவ்வூர் மக்களின் கண்ணுக்கோ நாம் அனைவருமே மூர்பீல்ட்ஸ் நெசவாளரைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். இன்று நாம் ஒருவர் கதவைக் காக்காவிடின், நாளை நம் கதவுக்கு யார் காவல்?

செய்யத்தக்கவை அரியன அல்ல. படியாத விண்ணப்பத்தில் கையெழுத்திடல் ஆகாது. உண்மை தெரியாத செய்தியைக் கைப்பேசியில் பிறர்க்கு அனுப்புதல் ஆகாது. பதற்றம் தோன்றும் நாளில், அச்சத்தோடு இருக்கும் அண்டை வீட்டின் கதவைத் தட்டி, "நாங்கள் இருக்கிறோம்" என்று ஒரு சொல் சொல்லுதல் வேண்டும். நம் சங்கமும் அந்நாளில் கூட்டாக அதிகாரிகளிடம் சென்று காவல் கேட்கவேண்டும். மாலோ தனியே சென்றார், கேட்பாரில்லை. நூறு குடும்பங்கள் சேர்ந்து சென்றால் செவிசாய்க்காமல் இரார்.

 வாழ்க நம் சங்கம்! வளர்க நல்லிணக்கம்!