வந்து போகிறவர் கண்ணில் நம் நாடு



வீட்டில் வளரும் பிள்ளை எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது தினமும் பார்க்கும் தாய்க்குத் தெரிவதில்லை. தீபாவளிக்கு வரும் தாய்மாமனுக்குத்தான் அது பளிச்சென்று தெரியும். "போன வருஷம் இடுப்பளவு இருந்தான், இப்போது தோளைத் தொடுகிறானே!" என்பார். நாட்டின் மாற்றமும் அப்படிப்பட்டதே. உள்ளே வாழ்கிறவர்களைவிட, வியாபாரத்தின் பொருட்டு அடிக்கடி வந்து போகிறவர்களுக்கு அது விரைவில் புலப்படும். அவர்கள் காண்பது என்ன, காணத் தவறுவது என்ன, தோட்டத்துக் குடும்பங்களாகிய நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளக்கூடியது என்ன என்பதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

இந்நாட்டுக்கு இப்படி வந்து போனவர்களில் நம் மொழி பேசிய முன்னோடிகள் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்து, பினாங்கு, மலாக்கா, மூவார், சிங்கப்பூர் முதலிய ஊர்களில் லேவாதேவி நடத்தினார்கள். கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில் ஒரு பெட்டியும் ஒரு பாயுமே அவர்களுடைய கடை. கடையை நடத்த அனுப்பப்பட்டவர் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் இங்கே இருப்பார். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். சில காலம் கழித்து மறுபடியும் கப்பலேறுவார்.

அப்படி ஒருவர் 1900ஆம் ஆண்டில் முதன்முதலாக மலாக்காவில் வந்து இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது 1896இல், டான் சாய் யான் என்ற சீன வணிகர் அங்கே ரப்பர் பயிரிடத் தொடங்கியிருந்தார். நம்மவருக்கு அது ஒரு புதுப் பயிராக மட்டுமே தெரிந்திருக்கும். 1910இல் அவர் வந்தபோது ரப்பர் விலை உச்சத்தில் இருந்தது. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. லயங்களில் நம் முன்னோர் நிறைந்திருந்தனர். 1930களின் தொடக்கத்தில் வந்தபோது விலை விழுந்துவிட்டது. வேலையிழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல் போக, ரப்பர் தோட்டங்கள் பல செட்டியார்களின் கைக்கே வந்து சேர்ந்தன. நாடு ஒன்றுதான், ஒவ்வொரு பயணத்திலும் அதன் முகம் வேறு.

பயணமும் மாறிக்கொண்டே வந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1973 வரை ஓடியது. அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடி, 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு நின்றது. கடலில் பல நாள் எடுத்த பயணம் இன்று விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

இனி நம் தங்காக்குக்கு வருவோம். லேடாங் மலையடிவாரத்தில் உள்ள நம் ஊர் துணிக்குப் பெயர் பெற்றது. கலியாணம், பெருநாள் என்றால் தொலைவிலிருந்தும் துணி எடுக்க இங்கே வருகிறார்கள். ஆகவே துணி வியாபாரிகளின் வரவுக்கும் குறைவில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும் ஒரு தமிழக வியாபாரியோடு நான் பேசுவது உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வருகிறவர். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

"நான் முதலில் வந்தபோது பழைய சாலையில் ஊர் ஊராக நின்று வரவேண்டும். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதும் திறந்தார்கள். இப்போது காலையில் கோலாலம்பூரில் பசியாறிவிட்டுப் புறப்பட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே உங்கள் ஊருக்கு வந்துவிடுகிறேன். 1998இல் புதிய விமான நிலையம் வந்தது. 88 மாடி இரட்டைக் கோபுரம் வந்தது. மூவாரைச் சேர்ந்திருந்த உங்கள் ஊர் தனி மாவட்டமாகிவிட்டது. ஒரு முறை பார்த்த நாட்டை மறு முறை பார்க்க முடியவில்லை, சார்! உங்கள் ஆட்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் கண்டது விமான நிலையத்தையும் நெடுஞ்சாலையையும் கடைத்தெருவையும்தான். சாலையிலிருந்து செம்மண் பாதையில் திரும்பி உள்ளே போனால்தான் லயம் வரும். அந்தப் பாதையில் அவருக்கு வேலை இல்லை.

ஆயினும் அவர் ஒரு நாள் கேட்ட கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது. "முன்பெல்லாம் சாலையோரம் மங்கு கட்டிய பால்மரங்களாக இருக்கும், காலையில் உங்கள் பெண்கள் வாளியோடு போவார்கள். இப்போது எங்கும் செம்பனை. குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமாகத் தெரிகிறார்கள். உங்கள் ஆட்கள் எங்கே போனார்கள்?"

நேயர்களே, இது ஒரு வியாபாரியின் கூர்மையான கண். 1960இல் நாட்டில் செம்பனை சுமார் 55,000 எக்டர் இருந்தது. இன்று 55 இலட்சம் எக்டருக்கு மேல். அதாவது நூறு மடங்கு. ரப்பரில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு நிரை பிடித்துப் பால் வெட்டுவார்கள். செம்பனையில் அதே நிலத்துக்கு மிகக் குறைந்த ஆட்கள் போதும். ஆள் குறைந்ததும் லயம் காலியாயிற்று. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. வேலையோடு வந்த வீடு, வேலையோடு போயிற்று. விடுதலை பெற்றபோது 800க்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேல்.

இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே கண்டவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து வெள்ளி பெரிய பணமாக இருந்த நாளில் பாட்டாளிகள் அதைக் கொடுத்தார்கள். மாற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கணக்குப் போட்டதால்தான் அது முடிந்தது.

கணக்கு என்றதும் மறுபடியும் செட்டியார் கிட்டங்கி நினைவுக்கு வருகிறது. கணக்கு முடிக்கும்போது அவர்கள் ஐந்தொகை எடுப்பார்கள். வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, கையிருப்பு எல்லாவற்றையும் தொகுத்து, உண்மை நிலைமை என்ன என்று பார்ப்பதே ஐந்தொகை. நாமும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில், குடும்பத்துக்கு ஓர் ஐந்தொகை எடுக்கலாம். ஐந்தே வரிகள்.

முதல் வரி, பத்திரங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிய வேண்டும். 12 வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிவது கட்டாயம். பதியாத திருமணத்தால் பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகலாம்.

இரண்டாவது, படிப்பு. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்கிறதா? படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே படிக்கத் தெரியாவிட்டாலும் தடுமாற்றம் காதுக்குத் தெரியும்.

மூன்றாவது, சேமநிதி. சம்பளத்தில் உங்கள் பங்கு 11 விழுக்காடு; 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு. அது ஒழுங்காகக் கட்டப்படுகிறதா, வாரிசு பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நான்காவது, வீடு. வேலையிலிருந்து ஓயும் நாளில் எங்கே இருப்போம்? இந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு யாரும் தூங்கக் கூடாது.

ஐந்தாவது, கைத்தொழில். மரம் வெட்டுவது தவிர, நமக்கோ பிள்ளைக்கோ வேறு என்ன தெரியும்? மூன்று ஆண்டுகளில் புதிதாக என்ன கற்றோம்?

மூன்று ஆண்டு கழித்து இந்த ஐந்து வரிகளையும் மறுபடி எழுதிப் பழைய பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வரி வளர்ந்தது, எந்த வரி அப்படியே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். 2013இல் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. நல்லதுதான். ஆனால் அந்த உயர்வு நம் நோட்டின் எந்த வரியில் போய்ச் சேர்ந்தது என்பதை அரசாங்கம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

வந்து போகிறவர் சாலையையும் கோபுரத்தையும் பார்த்து நாட்டை அளப்பார். அது அவர் கணக்கு. லயத்தின் கடைசி வீட்டில் இருக்கும் பிள்ளை எவ்வளவு உயர்ந்தது என்று அளப்பது நம் கணக்கு. அந்த நோட்டை இந்த வாரமே திறந்து, முதல் வரியை எழுதுங்கள். பெரியவர்களுக்கு எழுத வராவிட்டால் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கட்டும்.