குடிநீரும் நமது கடமையும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் குடிநீரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். எங்கள் பள்ளி வருகைப் பதிவேடே அதற்கு விடை கூறும். குழாயில் நீர் விடும் நாளில் பெண் பிள்ளைகள் காலந்தாழ்ந்து வருகின்றனர். நீர் கெட்டுவிட்டாலோ, வயிற்றுப்போக்கினால் பல பிள்ளைகள் வருவதே இல்லை. எனவே, குடிநீரும் கல்விப் பிரச்சினையே ஆகும்.

நமக்குக் குடிநீர் எளிதில் கிடைத்ததன்று. பொதுக் கிணற்றருகே குடத்துடன் எட்டி நின்று, எவரேனும் இரங்கி ஊற்றமாட்டார்களா என ஏங்கிய நம் அன்னையரை நாம் மறக்கலாகாது. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் நமக்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் மக்களுடன் இறங்கி நீரருந்தினார். அக்குளம் பற்றிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிய 1937 வரை காத்திருக்க நேர்ந்தது. பின்னர் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு அவ்வுரிமையை நாடு முழுவதற்கும் உறுதி செய்தது.

இன்று குழாய் வீட்டு வாயிலுக்கே வருகிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. ஆயினும் குழாய் வந்துவிட்டால் மட்டும் தூய நீர் வந்துவிட்டதாகாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் பருகும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் நோயுற்ற பின்னரே அக்கொடுமை வெளிப்பட்டது. அவ்வாறு பிள்ளைகளின் உடல்நலத்தைப் பணயம் வைத்தா நாம் நீரின் தூய்மையை அறிய வேண்டும்?

இங்கேதான், இளைஞர்களே, நீங்கள் கற்ற கல்வி பயன்பட வேண்டும். 1,000 லிட்டர் நீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது பொதுவான கணக்கு. 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 120 கிராம் ஆகும். அதனைக் கரைத்துத் தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரமாவது கழிந்த பின்னரே குழாயில் விடவேண்டும். ஈரம்பட்ட பவுடர் வீரியம் இழந்துவிடும். கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். சிறு பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு அதைச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் அக்கடைக்கோடி வீடு நம் தெருவில்தானே இருக்கிறது! நீரைச் சோதிக்க ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சியளிக்கவும் அத்திட்டத்தில் இடமுண்டு. அந்த ஐவருள் நம் பெண்களும் இடம்பெற வேண்டும்.

தொட்டி கழுவிய நாளும், குளோரின் அளவும் ஊரறிய எழுதி வைக்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். இல்லையெனில் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாகப் பதிவு செய்யுமாறு வற்புறுத்துங்கள். கேள்வி கேட்பது பகையன்று, குடிமக்களின் கடமை.

நம் முன்னோர் நீரைத் தொடும் உரிமைக்காகப் போராடினர். அந்நீரைத் தூய்மையாகக் காக்கும் பொறுப்பு நம்முடையது. அடுத்த வாரமே உங்கள் தெருக் கடைக்கோடிக் குழாயின் நீரைச் சோதித்துப் பாருங்கள். இவ்வெள்ளி விழாவிற்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.